பொல்லான் செருப்பு, ராமாயி ராட்டை: ஊர்க்கலையில் விடுதலை வரலாறு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு மாவட்டம் அறச்சலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் களத்துமேட்டில் ஞாயிறுதோறும் பொழுதோட கூடுகிறோம். கும்மி, ஒயில், உடுக்கைப்பாட்டு, கொஞ்சம் நாடகம். தீரன் சின்னமலை நினைவு நாளான ஆடிப் பதினெட்டு நெருங்க நெருங்கப் போன் வந்துகொண்டே இருக்கிறது. கேட்ட கேள்வியையே கேட்கிறார்கள், நானும் சொன்னதையே சொல்கிறேன். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நீங்கள் செய்வது கும்மியா, நாடகமா, வரலாற்று வகுப்பா?

மூன்றும் கலந்தது. இந்த மண்ணில் வெள்ளைக்காரனை எதிர்த்து நடந்தவற்றில் பாட்டிலும் சிலையிலும் இடம்பெறாத ஆட்களைத் தேடுகிறோம். அவர்களைப் பற்றி ஊருக்குள் கேட்டு வாங்குகிறோம். கிடைத்ததை ஊர்க்காரர்களே பாட்டாகக் கட்டி ஆடுகிறார்கள். பதிவு பெற்ற அமைப்பு இல்லை, பேனர் இல்லை, தலைவர் இல்லை. உடுக்கை அடிக்கிற அண்ணன் கோபித்துக்கொண்டால் மட்டும் எல்லாம் நின்றுவிடும்.

இடம்பெறாத ஆட்கள் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

தீரன் சின்னமலையை எல்லோருக்கும் தெரியும். 1756இல் மேலப்பாளையத்தில் பிறந்தவர், 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டவர். ஓடாநிலையில் கோட்டை கட்டியவர் தனியாளாகப் போரிட்டிருக்க முடியுமா? குதிரைக்குப் புல் அறுத்தது யார்? கோட்டை மண்ணைக் குழைத்தது யார்? சேதி கொண்டுபோனது யார்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் இருக்கிறது: பொல்லான். அருந்ததியர் குலத்தவர், சின்னமலையின் ஒற்றர், படைத்தளபதி. செருப்புக்குள் ஓலையை வைத்துத் தைத்து அனுப்பினார் என்பது ஊர் வழக்கு. வெள்ளையர் அவரைச் சுட்டுக்கொன்ற இடம் நல்லமங்காபாளையம் என்கிறார்கள். ஆடி முதல் நாள் அவருக்கு நினைவு நாள். இருந்தும் பதினேழு நாள் தள்ளி வருகிற ஆடிப் பதினெட்டுக்கு வருகிற கூட்டத்தில் பாதிப்பேருக்கு இந்தப் பெயர் தெரியாது. எனக்கே முப்பது வயதுவரை தெரியாது. அந்த ஊருக்கு நடந்தே போகிற தூரத்தில்தான் வளர்ந்தேன்.

எங்கள் முதல் கும்மிப்பாட்டு அங்கிருந்து பிறந்தது:

ஓலை எழுதினார் சின்னமலை – அந்த
ஓலையைத் தூக்கி நடந்த தாரு?
காலைப் பொழுதுக்குள் போய்ச்சேர – முள்ளுக்
காட்டில் நடந்த கால் யாரு காலு?

சின்னமலையின் பெருமையைக் குறைக்கத்தான் இதெல்லாமா?

இந்தக் கேள்வி பாதிநேரம் கோபமாகத்தான் வரும். குறைக்கவில்லைங்க. மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்தான் என்று போய்ச் சொல்" என்று அனுப்பிய கதையைச் சொல்லாமல் நாங்கள் எந்த நிகழ்ச்சியையும் தொடங்குவதில்லை. அதே மனிதர் பிறகு மைசூரின் திப்புவோடு சேர்ந்து வெள்ளையரை எதிர்த்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அவரோடு தூக்கிலிடப்பட்ட தம்பியர், படைத்தலைவர் கருப்ப சேர்வை ஆகியோர் பெயரையும் பாடுகிறோம். கூட நின்றவர்களின் பெயரைச் சொன்னால் தலைவனின் பெயர் தேய்ந்துவிடும் என்றால், அந்தத் தலைவனைப் பற்றி நாம் அவ்வளவு உயர்வாக நினைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆடிப் பதினெட்டா, ஜூலை 31ஆ? எது சரி?

இரண்டும். ஏட்டில் இருப்பது 1805 ஜூலை 31. சூரியன் ராசி மாறுவதை வைத்து நடக்கும் நம் மாதக் கணக்கு ஆங்கில நாட்காட்டியைவிட மெல்ல நகர்கிறது, இருநூறு ஆண்டில் மூன்று நாள் அளவுக்கு. அன்றைய ஆடிப் பதினெட்டு ஜூலை 31ஐ ஒட்டி விழுந்தது. இப்போது ஆகஸ்ட் 2, 3இல் விழுகிறது. தேதியைப் புத்தகம் வைத்துக்கொண்டது, நாளை ஊர் வைத்துக்கொண்டது.

இதேபோல் இன்னொன்று. பாளையக்காரர்கள் கூடிக் கோவைக் கோட்டையைத் தாக்கக் குறித்த நாள் 1800 ஜூன் 3. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது முஹர்ரம் பத்து. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. திப்புவின் படையிலிருந்து சிதறிய வீரர்களும் இதில் இருந்தார்கள். திட்டம் தோற்றது, பலரைத் தூக்கில் போட்டார்கள். இதை வைத்து ஒரு பாட்டுக் கட்ட வேண்டும் என்று மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். இன்னும் கட்டவில்லை.

ஆதாரமே இல்லாத ஆட்களைப் பற்றி எப்படிப் பாடுகிறீர்கள்? கற்பனை வரலாறு ஆகிவிடாதா?

இதுதான் சரியான கேள்வி. கேட்காதவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஏட்டில் பெயர் வருவதற்கு ஒருவர் வரி கட்டியிருக்க வேண்டும், வரி வாங்கியிருக்க வேண்டும், அல்லது மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். புல் அறுத்த பெண் மூன்றிலும் வரமாட்டாள். அதற்காக அவள் இல்லை என்று ஆகாது. ஆனால் அவள் இப்படித்தான் பேசினாள் என்று நாங்கள் எழுதி, பத்து வருஷம் கழித்து அதை யாராவது வரலாறு என்று மேடையில் சொன்னால் அது மோசம்.

அதற்கு உடுக்கைக்கார அண்ணன் ஒரு வழி சொன்னார். தெரிந்ததைச் சொல்லும்போது உடுக்கை அடிப்பார். ஊர்வழக்கு என்றால் உடுக்கையை விரலால் மட்டும் தட்டுவார். நாங்களாகக் கட்டியது வரும்போது உடுக்கை நின்றுவிடும், வெறும் குரல் மட்டும். தொடக்கத்திலேயே கூட்டத்துக்கு இதைச் சொல்லிவிடுவோம். முதல் தடவை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். பாதியில் முன்வரிசைப் பொடியன் ஒருவன் எழுந்து, "உடுக்கை நின்னுபோச்சு, இது கட்டுக்கதை!" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. எங்களுக்கு அன்றைக்கு வயிறு நிறைந்தது.

ஒரு நிகழ்ச்சியில் உடுக்கை எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கிறது என்று கவனித்தால், யாரைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது என்பதும் விளங்கிவிடும். பெண்கள் வரும் இடங்களில் அது பெரும்பாலும் மௌனம்தான்.

காட்டிக்கொடுத்த சமையல்காரரையும் நல்லவர் ஆக்கிவிடுவீர்களா?

இல்லை. சின்னமலை கருமலையில் மறைந்திருந்தபோது சமையல்காரர் நல்லப்பன் காட்டிக்கொடுத்தார் என்று வழங்கும் கதையை அப்படியே சொல்கிறோம், விரல் தட்டில். பிறகு உடுக்கை நிற்கிறது. மூன்று பெண்கள் உலை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஒருத்தி, "காசுக்குத்தேன்" என்கிறாள். இன்னொருத்தி, "பொண்டாட்டி புள்ளையப் புடிச்சு வெச்சுக்கிட்டு மெரட்டியிருந்தா?" என்கிறாள். மூன்றாமவள் அரிசி களைந்துகொண்டே, "தோத்துப்போனா ஆக்கிப்போட்டவம் மேலதான பழி வரும்" என்கிறாள். யார் சொன்னது சரி என்று நாங்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. சில ஊர்களில் இந்த இடத்தில் கூட்டத்திலிருந்து சண்டைக்கு வந்திருக்கிறார்கள். மூன்றாமவளைப் பேச வைத்தது நாங்கள் என்றாலும், அந்த வசனம் ஒத்திகையில் நிஜமாகவே கல்யாணச் சமையலுக்குப் போகிற ஒரு அக்கா சொன்னது.

யாருக்கு எந்த வேஷம் என்று யார் முடிவு செய்வது?

சீட்டு. இதற்குப் பின்னால் ஒரு தப்பு இருக்கிறது. எங்கள் தப்பு.

முதல் வருஷம், பொல்லான் வேஷத்தை யோசிக்காமலே காலனியிலிருந்து வந்த பையனுக்குக் கொடுத்தோம். பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தோம். மரியாதை செய்வதாகக்கூட நினைத்தோம். ஒத்திகை பார்க்க வந்த அவன் அம்மாயி முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. போகும்போது என்னைக் கூப்பிட்டு, "ஏங்கண்ணு, நெசத்துலயும் செருப்பு எங்களுக்கே, நாடகத்துலயும் எங்களுக்கேவா?" என்றது. எனக்கு வாயில் சொல் வரவில்லை.

அடுத்த வாரமே சீட்டு எழுதிப் போட்டோம். யாருக்கும் எதுவும் வரலாம். அந்தப் பையனுக்குச் சின்னமலை விழுந்தது. தோட்டத்துக்காரர் மகனுக்குப் பொல்லான். இரண்டு பேர் அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவில்லை, ஏன் என்று சொல்லவும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை.

வரலாற்றில் விடுபட்டவர்கள் பெயரைப் பாட்டில் சேர்ப்பது சுலபம், ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். கும்மி வட்டத்துக்குள் யார் யார் கைகோத்து நிற்கிறார்கள் என்பதைத்தான் மாற்ற முடியவில்லை, அல்லது மெதுவாகத்தான் மாறுகிறது.

களத்தில் செருப்போடு ஆடுகிறார்களாமே?

ஒருவர் மட்டும், பொல்லான் வேஷம் கட்டுகிறவர். மற்ற எல்லோரும் வெறுங்கால். ஒயில் ஆடுகிற களத்துக்கு ஒரு மரியாதை உண்டு, அதில் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு காலத்தில் எந்தத் தெருவில் யார் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள் என்று அதே பெரியவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செரி, ஓலை அதுக்குள்ளதான இருக்குது, கழட்டுனா கீழ விழுந்துருமல்லோ" என்றார். அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

சொற்பொழிவோ குறும்படமோ எடுக்கலாமே? ஏன் கும்மியும் உடுக்கையும்?

எடுங்கள், நல்லதுதான். ஆனால் உடுக்கைப்பாட்டு இந்த வேலையை எங்களுக்கு முன்பே செய்திருக்கிறது. அண்ணன்மார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னர், சங்கர் பேரில் கதை. ஆனால் கூட்டம் காத்திருப்பது சாம்புவனுக்காக. முரசு அறைகிறவன், வேட்டைக்கு முன்னால் போகிறவன், சிரிக்க வைக்கிறவன், கடைசிவரை நிற்கிறவன். அண்ணன்மார் செத்த பிறகு காட்டில் தேடிப்போய் அழுது எழுப்புவது தங்கை. அண்ணன்மார் சாவை நடித்துக் காட்டும் வீரப்பூர்ப் படுகளத்தில் இன்றைக்கும் அவள் அழுகைதான் உச்சம். தலைவனுக்குப் பக்கத்தில் நிற்பவனையும் வீட்டில் இருந்தவளையும் கதையின் உயிராக வைக்க நம் பாட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் அந்தப் பழக்கத்தைச் சின்னமலைக்கும் குமரனுக்கும் கொண்டுபோகிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. மைக்கைக் கொடுத்து "சொல்லுங்க பாட்டி" என்றால் "எனக்கென்ன கண்ணு தெரியும்" என்று போய்விடுவார்கள். கும்மி அடிக்கும்போது பக்கத்தில் நின்று கை தட்டிக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

திருப்பூர் குமரன் பற்றியும் செய்கிறீர்களா?

செய்கிறோம். குமரன் சென்னிமலைக்காரர், நெசவுக் குடும்பம். 1932 ஜனவரி 10, திருப்பூர் ஊர்வலம், தடியடி. மறுநாள் உயிர் போனது. வயது இருபத்தேழு. ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கியவர் பி.எஸ். சுந்தரம். அவரையும் கூட நடந்து அடிபட்டவர்களையும் இன்று திருப்பூரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குமரனின் மனைவி பெயர் ராமாயி. எங்கள் நாடகம் அவர் வீட்டில் நடக்கிறது. ஊர்வலம் மேடைக்கே வராது. ஒரு பெண் ராட்டையில் தார் (தறி நாடாவுக்குள் வைக்கும் நூல்) சுற்றிக்கொண்டிருக்கிறாள், வெளியே சத்தம் கேட்கிறது. சென்னிமலையில் இன்றும் நெசவு வீடுகளில் தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்குத்தான் நெசவாளர் என்று பெயர். தார் சுற்றி, பாவுக்கு ஒத்தாசை செய்கிற பெண்களுக்குப் பெயர் இல்லை. அதைத்தான் காட்டப் பார்த்தோம். ராமாயி அன்றைக்குத் தார் சுற்றினாரா என்பது நாங்கள் கட்டியது. அந்தக் காட்சி முழுக்க உடுக்கை கிடையாது, ராட்டைச் சத்தம் மட்டும். ராட்டையைக் கொடுத்தது ஒரு நெசவுக்காரம்மா. திருப்பித் தரும்போது சிக்கெடுத்துத்தான் தர வேண்டும் என்று கண்டிப்பு.

ஆலைத் தொழிலாளர்கள்?

கோவைப் பக்கம் போனால் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சின்னியம்பாளையத்துத் தியாகிகள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நான்கு பேரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு வருஷம்கூட இல்லை. சங்கத்தில் முன்னின்ற ஓர் ஆலைப்பெண்ணுக்கு அடியாட்கள் இழைத்த கொடுமையில் தொடங்கிய விவகாரம் அது. நால்வரைப் பற்றிப் பாட்டு உண்டு, ஆண்டுதோறும் அஞ்சலி உண்டு. ரீலிங்கில், அதாவது நூல் சுற்றும் பகுதியில், வேலை பார்த்த பெண்களைப் பற்றிப் பாட்டுக் கட்டலாம் என்று போனபோது, ஆலைச் சங்கு ஊதுவதை வாயாலேயே ஊதிக் காட்டினார் ஒரு பாட்டி. அதுதான் எங்கள் பாட்டின் தொடக்கம். அவர் அம்மா வேலை பார்த்த ஆலை இப்போது அடுக்குமாடி வீடு.

1942 ஆகஸ்ட் 26இல் சூலூர் விமான நிலையத்தைக் கொளுத்தியது பற்றி ஒரு ஒயில் இருக்கிறது. கொளுத்தியதைவிட, அதற்குப் பிறகு போலீஸ் ஊர் ஊராகப் புகுந்தபோது வீட்டில் இருந்த பெண்கள் பட்டபாடு அதில் அதிகம்.

கள்ளுக்கடை மறியல்?

ஈரோட்டில் 1921இல் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்று நடத்திய மறியல் பெண்கள் குழுவுக்குப் பிடித்த பகுதி. அதே காலத்தில் பெரியார் சேலத்துத் தாதம்பட்டியில் தமது ஐந்நூறு தென்னையை வெட்டிச் சாய்த்தார். இதை ஆடிக்காட்டியபோது மரமேறுகிற ஒருவர் கூட்டத்திலிருந்து, "மரம் போச்சு, சரி. ஏறுனவனுக்கு அன்னைக்கு ரவைக்குச் சோறு?" என்றார். கேள்வியை அப்படியே நாடகத்தில் வைத்துவிட்டோம். பதில் வைக்கவில்லை.

1947க்குப் பிறகு நடந்ததையும் பாடுவீர்களா?

1950 பிப்ரவரி 11இல் சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1970 ஜூன் 19இல் பெருமாநல்லூரில், மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூவர். இரண்டையும் பாடுகிறோம். பெருமாநல்லூரைப் பாடும்போது மோட்டார் வைத்திருந்தவர் குரலோடு, அந்தத் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர் குரலும் வரும். அதுதான் எங்கள் நிபந்தனை.

அரசியல் சண்டை, சாதிச் சண்டை வராதா?

வந்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் பாட்டை முன்பே படித்துக் காட்டுகிறோம். மாற்றச் சொன்னால் உண்மைப் பிழையை மாற்றுவோம். பெயரை எடு என்றால் எடுக்கமாட்டோம், அந்த ஊரில் ஆடாமல் வந்துவிடுவோம். இதுவரை இரண்டு ஊர்.

எங்கள் ஊரில் நாங்களே தொடங்க வேண்டும் என்றால்?

முதலில் பாட்டு எழுதாதீர்கள். முதல் இரண்டு மாதம் கேட்க மட்டும் போங்கள். "சுதந்திரப் போராட்டம் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பதில்தான் வரும். "உங்க அப்பாரு காலத்துல போலீசு வந்தா எங்க ஒளிஞ்சுக்குவீங்க?" என்று கேளுங்கள். சொன்னவரின் பெயரைப் போடலாமா என்று இரண்டு தடவை கேளுங்கள், ஒரு தடவை அவர் வீட்டார் இல்லாதபோது. கட்டிய பாட்டை முதலில் அவருக்குப் பாடிக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போட வேண்டும். நாங்கள் கிழித்திருக்கிறோம், மனம் வலிக்கத்தான் செய்யும்.

எனக்கு ஆடத் தெரியாது. வரலாமா?

வாங்க. கும்மி அரைமணி நேரத்தில் பிடிபடும். ஒயிலுக்கு ஒரு மாதம், முழங்கால் பலமாக இருந்தால்.

எனக்குத் தமிழ் அவ்வளவாக வராது. பனியன் கம்பெனியில் வேலை.

ஒடிசாக்காரத் தம்பி ஒருவர் எங்களோடு ஜமாப் மேளம் அடிக்கிறார். தாளத்துக்கு மொழி வேண்டாம். அவர் ஊர்ப் பாட்டு ஒன்றையும் இந்த வருஷம் சேர்க்கிறோம்.

காசு?

வாங்குவதில்லை. நிகழ்ச்சியன்று சோறு ஊரார் போடுவார்கள். ஜமாப் வாடகையும் வேன் செலவும் உண்டியலில். ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி வாங்கிவிடுவோம், இரவு பத்து மணிக்கு அணைத்தாக வேண்டும். திறந்தவெளியில் உடுக்கைக்கும் அதே பத்து மணிக் கணக்குதான்.

போனில் படம் பிடிக்கலாமா?

ஆட்டத்தைப் பிடிக்கலாம். கதை சொல்கிற பாட்டிகளைக் கேட்காமல் பிடிக்கக் கூடாது. முப்பது வினாடி வெட்டிப் போடும்போது உடுக்கை நின்ற இடத்தை மட்டும் வெட்டிப் போட்டுவிடாதீர்கள்.

ஒத்திகைக்கு வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

தண்ணீர், துண்டு. சீட்டு எடுக்கிற நாள் என்றால் நேரத்துக்கு வந்துவிடுங்கள். பொல்லான் செருப்பு எங்களிடம் ஒரே ஜோடிதான், அளவு எட்டு. கால் பெரிதாக இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள், தைக்க ஒரு வாரம் ஆகும்.